வீங்காத கை

செல்லாயியைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஒதுக்கிவைத்தது அவள் கையில் எழுந்த ஒரு வீக்கம்.

எழுபத்திரண்டாம் வருஷம் சுங்காய் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்குக் காசநோய்ச் சோதனை வேன் வந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்கவைத்து எல்லோருக்கும் முன்கையில் ஊசி போட்டார்கள். "இருமல் இருக்கிறவங்க கையத் தூக்குங்க" என்றார்கள். மூன்று மாதமாக இருமிக்கொண்டிருந்த செல்லாயி புருஷன் பத்துமலை கையைத் தூக்கவில்லை. பக்கத்தில் நின்ற செல்லாயி அவன் முகத்தைப் பார்த்தாள். கூட்டத்தில் அவளுக்கு எப்போதும் பேச்சு வராது.

மூன்றாம் நாள் வேன் திரும்பி வந்தபோது அவள் கையில் ஊசி போட்ட இடம் சிவந்து, கல்லாகத் தடித்திருந்தது. பத்துமலையின் கை வழுவழுவென்று இருந்தது.

"பாத்தீங்களா, எனக்கு ஒன்னும் இல்லலா! வெறும் சளி!" என்று அவன் கையை உயர்த்தி லயம் முழுக்கக் காட்டினான். கைலி இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்திருந்தவன், அன்று பிள்ளை மாதிரி சிரித்தான்.

கை வீங்கியவர்களை ஈப்போவுக்குக் கூட்டிப்போய் நெஞ்சைப் படம் எடுத்தார்கள். செல்லாயிக்கு நோய் இல்லை என்று தாள் கொடுத்து அனுப்பினார்கள். அந்தத் தாளைப் படிக்க லயத்தில் ஆள் இல்லை. கையைப் பார்க்க எல்லோருக்கும் கண் இருந்தது. அவள் குவளை தனியானது, தட்டு தனியானது. பால் வெட்டப் போனால் பக்கத்து மர நிரையை யாரும் கேட்டு வாங்கவில்லை. பத்துமலையின் அக்காள் இருளாயி வந்து, நான்கு வயதுப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள்.

அடுத்த மழைக்காலத்தில் பத்துமலை ரத்தமாக இருமினான். ஆஸ்பத்திரியில் காசநோய் என்றார்கள்; கொண்டுபோன ஒன்பதாம் நாள் இறந்தான்.

"நீ கொடுத்த சீக்குடி இது!" என்று இருளாயி பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து கத்தினாள். "வீங்காத கை அவனுக்கு. நீ ஆக்கிப் போட்ட சோறுதான் அவன எடுத்துருச்சு."

செல்லாயிக்கும் அப்படித்தான் தோன்றியது. அதனால்தான் இருளாயி குடும்பம் பாப்பாவோடு தெலுக் இந்தானுக்குக் குடிபோனபோது அவள் தடுக்கவில்லை. தானும் ஈப்போவுக்கு வந்து, ஒரு கடைக்கு மேல் அறை எடுத்து, நோய்ச் சோதனைக் கூடம் ஒன்றில் கண்ணாடிக் குப்பி கழுவும் வேலையில் சேர்ந்தாள். தீபாவளிக்குத் தீபாவளி பஸ் ஏறிப் போவாள். வாசலில் நிற்பாள். தனிக் குவளையில் தண்ணீர் வரும். பாப்பா கதவுத் திரைக்குப் பின்னால் இருந்து பார்க்கும். ஒவ்வொரு வருஷமும் அந்தத் திரையில் அதன் தலை தெரியும் இடம் உயர்ந்துகொண்டே போயிற்று.

ஏழு வருஷம் குப்பி கழுவினாள். அங்கே வேலை செய்த மெஹர்பானு அவளைவிடப் பத்து வயது இளையவள், வாயாடி. ஒரு நாள், "அக்கா, தெனமும் கழுவுறீங்களே, உள்ள என்ன இருக்குன்னு பாக்க வேணாமா? வாங்கக்கா, கடிக்காது" என்று இழுத்துப் போய் நுண்ணோக்கி முன் உட்காரவைத்தாள்.

யாரோ துப்பிய சளி அது. நீலமாகப் பெரிய பெரிய உருண்டைகள் தெரிந்தன. சிலவற்றின் வயிற்றில் கரித்தூள். ஒன்றின் வயிற்றில் மட்டும் சிவப்பு நூல் துண்டுகள்.

"செவப்புதான் கிருமி. பெரிசா இருக்கே, அது நம்ம ஆளு. மேக்ரோஃபேஜ். தூசு, கிருமி, செத்த அணு, எது வந்தாலும் முழுங்கும். இந்தக் கிருமிய மட்டும் முழுங்கிட்டுக் கொல்ல முடியாம முழிக்கும். அதனால கூட்டாளிங்களோட சேர்ந்து சுத்திச் சுவரு கட்டி உள்ளயே அடைச்சு வச்சிரும். வருஷக்கணக்கா அது அங்கயே கெடக்கும்."

செல்லாயி வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. பிறகு, யாரிடமும் கேட்காததைக் கேட்டாள். "ஊசி போட்டா கை வீங்குறது?"

"அந்த முழுங்கிங்க ஓடிவந்து கூடுறதுதான். 'இந்தக் கிருமிய எனக்குத் தெரியும்'னு ஒடம்பு சொல்லுது. நோய்னு அர்த்தம் இல்லக்கா."

"வீங்கலன்னா?"

"பெரும்பாலும் கிருமியே படலன்னு அர்த்தம். ஆனா நோய் முத்தி ஒடம்பு தேஞ்சு போனவங்களுக்கும் வீங்காது. கூடி வர அங்க தெம்பு ஏது?"

அன்று மாலை குப்பிகள் கழுவாமல் கிடந்தன. பத்துமலை தூக்கிக் காட்டிய கை அவள் கண்முன் நின்றது. அவள் அவனுக்குக் கொடுக்கவில்லை. அவனிடமிருந்துதான் அவளுக்கு வந்திருக்க வேண்டும். அடுத்த தீபாவளிக்கு இருளாயியின் முகத்துக்கு நேராக இதைச் சொல்லிவிட வேண்டும் என்று தனியாக இருக்கும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

தீபாவளி வருவதற்கு முன்பே இருளாயி வந்து நின்றாள். பதின்மூன்று வயதுப் பாப்பா ஒரு துணிப்பையோடு, சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டு பின்னால் நின்றது.

"ஸ்கூல்ல ஊசி போட்டாங்க. வீங்கிருச்சு. ஒன் சீக்கு ஒன் புள்ளைக்கும் வந்துருச்சு, செல்லாயி. எங்க வீட்டுல சின்னப் புள்ளைங்க இருக்கு. நீயே வச்சுக்க."

செல்லாயிக்கு எல்லாம் தொண்டைவரை வந்துவிட்டது. வீக்கம் நோய் இல்லை அண்ணி. உங்க தம்பிய நான் கொல்லல அண்ணி. இரண்டும் ஒரே பேச்சு. ஒன்றைச் சொன்னால் மற்றதும் வரும். வீக்கம் நோயில்லை என்று இருளாயிக்குத் தெரிந்தால், பாப்பா இந்தப் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் பஸ் ஏறும்.

"சரிங்க அண்ணி" என்றாள்.

இருளாயி தண்ணீர்கூட வாங்காமல் படியிறங்கினாள்.

பாப்பா பள்ளியில் கொடுத்த தாளை நீட்டியது. திங்கட்கிழமை நெஞ்சுப் படம் எடுக்க வேண்டும். செல்லாயி சோறு போட்டு எதிரில் உட்கார்ந்ததும் அது தட்டோடு நகர்ந்துகொண்டது. "கிட்ட வராதீங்கம்மா. ஒட்டிக்கும்."

செல்லாயி அதன் சட்டைக் கையை மேலே தள்ளினாள். சிவந்து தடித்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். சூடாக இருந்தது. தெரிந்ததை எல்லாம் திக்கித் திக்கிச் சொன்னாள். "படம் எடுத்துப் பாப்போம். அப்படி நோயே இருந்தாலும் மருந்து இருக்கு" என்றாள். பிறகு அதே தட்டில் கைவைத்து ஒரு கவளம் எடுத்துத் தின்றாள்.

பாப்பா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. "இத அத்தைகிட்ட ஏன் சொல்லல?"

"அத்தை பஸ் ஏறிட்டாங்களே" என்றாள் செல்லாயி. தெலுக் இந்தான் பஸ் ஐந்து மணிக்குத்தான் கிளம்பும். சுவர்க் கடிகாரத்தில் நாலரை ஆகியிருந்தது.