ஈரல் என்பதை மறந்த செல்கள்

உள்ளங்கை அகலத்தில் ஒரு கண்ணாடித் தட்டு. அதில் இளஞ்சிவப்பாகக் கொஞ்சம் நீர். அடியில், கண்ணுக்குத் தெரியாமல், எலியின் ஈரலிலிருந்து பிரித்தெடுத்த செல்கள். பிள்ளைகளே, தொண்ணூறுகளின் கடைசியில் ஆம்பூர்த் தோல் தொழிற்சாலையை விட்டு, வேலூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவும் வேலைக்குச் சேர்ந்தபோது நான் முதலில் பார்த்தது அதைத்தான். உங்கள் அம்மா இறந்து, நீங்கள் இருவரும் அணைக்கட்டு என்ற ஊரில் அத்தை வீட்டில் வளர்ந்த காலம்.

அங்கே ஆராய்ச்சி செய்த டாக்டரம்மா தனி ஆள். மதியச் சாப்பாட்டைக்கூட மைக்ராஸ்கோப் பக்கத்தில்தான் பிரிப்பார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். முன்பு குண்டு குண்டாக ஒட்டி நின்ற செல்கள் நீண்டு, தட்டையாகி, ஆளுக்கொரு பக்கம் கிடந்தன.

“செத்துப்போச்சுங்களா மேடம்?”

“இல்ல. ஈரல்ன்றதையே மறந்துடுச்சுங்க.”

எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். உடம்பில் ஏறக்குறைய எல்லாச் செல்லிலும் ஒரே மரபணுக்கள்தான், ஒரே புத்தகம் மாதிரி. ஈரலில் சில புரதங்கள் கூட்டாகச் சேர்ந்து, வேண்டிய மரபணுக்களின் முன்னால் உட்கார்ந்து, ‘இதைப் படி’ என்கின்றன. படியெடுப்புக் காரணிகள் என்று அவற்றுக்குப் பெயர். செல்களைப் பிரித்துத் தனியே வைத்தால் அந்தக் காரணிகள் குறைந்துபோகும்.

“புக்கு அப்படியேதான் இருக்குது. படிக்கச் சொல்ற ஆளுங்க கம்மியாய்ட்டாங்க,” என்றார்.

அடுத்த முறை செல்களை நெருக்கமாக வைத்து, மேலே கொலாஜன் என்ற புரதத்தைப் போர்வை போல ஊற்றினார். “இன்னா பாக்கறீங்க ஆம்பூர்காரரே? நீங்க ஊறவச்ச தோல்ல இருக்கறதும் இதேதான்.”

“அந்த நாத்தம் இல்லியே மேடம்.”

சிரித்தார். அந்தச் செல்கள் வாரக்கணக்கில் மறக்கவில்லை. அந்தச் சேதியைச் சொல்ல அவருக்கு என்னைத் தவிர அங்கே ஆள் இல்லை. சொல்லிவிட்டு, உங்களைப் பற்றி விசாரித்தார். அதற்கு முந்தின ஞாயிறு உங்களைப் பார்க்க நான் வந்தபோது சின்னவள், “அத்தை, யாரோ வந்திருக்காங்க” என்று உள்ளே ஓடியதைச் சொன்னேன்.

டாக்டரம்மா தட்டை மூடி வைத்தார். “செல்லு வேற, புள்ளைங்க வேற. ஆனாலும் போய்க் கூட்டினு வந்துடுங்க.”

“ஒண்டியா எப்படிப் பாத்துப்பேன் மேடம்?”

“புள்ளைங்க இல்லாம ஒண்டியா இருந்துதான் பாத்துட்டீங்களே.”

அன்று சாயந்திரமே அணைக்கட்டு பஸ் ஏறினேன்.

நீங்கள் வந்த பிறகு எத்தனையோ ஞாயிறு அவரைச் சாப்பிடக் கூப்பிட்டேன். செல்லுக்குத் தண்ணி மாத்தணும் என்பார், வரமாட்டார். சில வருஷம் கழித்து வடக்கே வேலை கிடைத்துப் போனார். காட்பாடி ஸ்டேஷனில் வழியனுப்ப நாம் மூவர்தான் இருந்தோம். ரயில் நகர்ந்ததும் சின்னவள் கேட்டாள்: “அங்க அவங்களுக்கு யாருப்பா இருக்காங்க?”

எனக்கு அன்று தெரியவில்லை. இன்றும் தெரியாது.