தேவாங்கு வீட்டைப் பெருக்கிய சாமுண்டீஸ்வரி

முடிச்சூரில் சாமுண்டீஸ்வரியின் துடைப்பத்துக்குத் தப்பிய தூசி கிடையாது. எதிர் வாசலில் குப்பை கிடந்தால்கூட அவளுக்குச் சோறு இறங்காது. அரிசி மண்டி வைத்திருந்த புருஷன் துளசிங்கம், செருப்போடு சேர்த்துக் காலையும் வெளியிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வரவேண்டும் என்று தெருவில் கேலி பேசுவார்கள்.

அப்பேர்ப்பட்டவள் தேவாங்குக்குக் காவல் நின்றது தொண்ணூற்றிரண்டில். எல்லையம்மன் கோயில் தோப்பில் மிஞ்சியிருந்த நாலைந்து தேவாங்குகளை மருந்துக்கென்று பிடிக்க வந்தவர்களை ஊரார் விரட்டியடித்தார்கள். தாம்பரத்தில் கல்லூரி வாத்தியாராக இருந்த லோகநாதன் அதே தெருவில் குடியிருந்தார். "இதுங்களும் போச்சுன்னா இந்தப் பக்கத்துல இனமே இருக்காதும்மா" என்று அவர் சொன்னதும், ஆளுக்கொரு பொழுதாக முறைவைத்துத் தோப்பைக் காத்தார்கள். சாயங்காலம் சாமுண்டீஸ்வரியும் பக்கத்து வீட்டுக் கங்கம்மாவும். கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு நின்றார்கள்.

வைகாசியில் ஒருநாள், பெண் தேவாங்கு ஒன்று வயிற்றில் குட்டியைக் கட்டிக்கொண்டு கிளையில் மெல்ல நடந்து வந்தது. குச்சிக் கை, உருட்டு விழி. சாமுண்டீஸ்வரி பூரித்துப் போனாள்.

பிள்ளை பெற்ற வீடு சுத்தமாக இருக்க வேண்டாமா? நாத்தனார்கள் அத்தனை பேருக்கும் பேறுகாலம் பார்த்தவளுக்கு அதில் சந்தேகமே வரவில்லை. மறுநாளே தோப்பிலிருந்த சருகை வாரி வெளியே கொட்டி எரித்தாள். ஒட்டடை அடித்தாள். மரத்துக்கு மரம் தொங்கிய கொடிகளை அறுத்தெறிந்தாள். பச்சை உடம்புக்காரிக்குப் போடுவதுபோல் சாம்பிராணிப் புகையும் போட்டாள்.

அன்று சாயங்காலம் தேவாங்கு வரவில்லை. அதற்கடுத்த நாட்களிலும் இல்லை. லோகநாதன் வந்து பார்த்துத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"அது தாவாதும்மா. கொடியைப் பிடிச்சு நடந்துதான் அடுத்த மரத்துக்குப் போவும். சருகுல இருக்கற பூச்சிதான் அதுக்குச் சாப்பாடு. கைக்குழந்தையோட எங்க போய் நிக்குதோ!"

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. பிள்ளைக்காரியைத் துரத்திவிட்டேனே என்று சாமுண்டீஸ்வரி ராத்திரி சாப்பிடாமல் அழுதாள். துளசிங்கம் பார்த்துப் பார்த்து, "அழுதா கொடி முளைச்சிடுமா? அறுத்தவ கட்டு" என்றார். ஆறுதல் சொல்ல அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் அது பலித்தது.

விடிந்ததும் கோணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சருகு பொறுக்கினாள். ஆட்டோக்கார ரவி வண்டியை நிறுத்தினான்.

"இன்னாக்கா, நீயா குப்பை வாரிகினு கீற? உடம்பு கிடம்பு சரியில்லியா?"

"வாய மூடிகினு மூட்டைய ஏத்துடா."

சிரித்துக்கொண்டே ஏற்றினான். மரத்துக்கு மரம் தேங்காய்நார்க் கயிறு கட்டிக் கொடுத்தவனும் அவன்தான். கயிற்றின்மேல் சாமுண்டீஸ்வரி காட்டுக் கொடிகளைச் சுற்றிச் சுற்றிப் புதர்போல் விட்டாள். ஆடித் திருவிழாவுக்குத் தோப்பைப் பெருக்கக் கோயில் ஆட்கள் வந்தபோது குறுக்கே நின்றாள். "கோயில் வாசலோட நிறுத்திக்குங்க. உள்ள ஒரு சருகு நகரக் கூடாது." ஊர் வாயைப் பிளந்தது.

அந்த ஆடியில், பொழுது சாயும் நேரத்தில், கயிற்றின்மேல் தேவாங்கு நடந்து வந்தது. சாமுண்டீஸ்வரி கங்கம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். வயிற்றில் குட்டி இல்லை.

"போச்சுடி. என்னாலதான் போச்சு."

தேவாங்கு அவர்கள் தலைக்குமேலே கடந்து மரங்களுக்குள் மறைந்தது. கங்கம்மாதான் அது வந்த வழியை அண்ணாந்து பார்த்தாள்.

"அழுவாதே, மேல பாரு. நீ கட்டின கொடியில இன்னா கீதுன்னு பாரு."

கொடிச் சிக்கலுக்குள் குட்டி கெட்டியாகத் தொற்றிக்கொண்டு இருந்தது.

"ஆத்தாகாரி இரை தேடப் போறா. வர்ற வரைக்கும் பிள்ளைய உன்னாண்ட வுட்டுட்டுப் போயிருக்கா."

வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியூர் போகும் அக்கம்பக்கத்தாருக்குச் செய்வதுபோல் சாமுண்டீஸ்வரி தலையை ஆட்டினாள். பிறகு மரத்தடியில் உட்கார்ந்து, தாய் திரும்பி வரும்வரை அந்தக் குட்டியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.