ஓட்டுநர் ஓடிய ஆறு மாதம்

என் வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறார். அத்தனை வருடத்தில் அவர் தன் சொந்தக் காலால் ஓடி நான் பார்த்தது ஒரே ஒரு தடவை, தெருநாய் துரத்தியபோது. அப்படிப்பட்டவர் ஐம்பத்தோரு வயதில் ஓட்டவீரராக மாறிய கதையை நானே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொன்னால் பூசி மெழுகிவிடுவார்கள்.

முதலில் அவருடைய பெருமையைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பாவம். அவர் பிரேக் போட்டால் நின்றுகொண்டு வருகிற கிழவிகூடக் கம்பியைப் பிடிக்க வேண்டியதில்லை. ஹாரன் அடிக்க மாட்டார். வீட்டில் தொலைக்காட்சி பார்க்கும்போது யாராவது குறுக்கே நடந்தால் அவர் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். ஸ்டியரிங்கைப் பிடுங்கிவிட்டால் அந்த மனிதரிடம் மிச்சம் இருக்கப்போவது ஒரு தொப்பையும் ஒரு மூக்குக்கண்ணாடியும்தான்.

அதைத்தான் பிடுங்கப் பார்த்தார்கள். நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். காலையிலிருந்து சாயங்காலம்வரை அடுத்தவர் விரலில் ஊசி குத்துவது என் பிழைப்பு. டிப்போக்காரர்கள் எல்லோருக்கும் எங்களிடம்தான் பரிசோதனை. மூன்று மாதச் சர்க்கரை என்று ஒன்று இருக்கிறது. முந்தின நாள் பட்டினி கிடந்து அதை ஏமாற்ற முடியாது. மூன்று மாதமாகத் தின்றதை எல்லாம் ஒரே எண்ணில் போட்டுக் கொடுத்துவிடும். அவருக்கு 7.8 வந்தது. எட்டைத் தொட்டால் ஸ்டியரிங் கிடையாது, டயர் அறைதான். அது டிப்போவின் பின்பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. அங்கே உட்கார்ந்து தேய்ந்த டயர்களின் எண்ணை நோட்டில் எழுத வேண்டும். ஆறு மாதம் கழித்து மறுபடி பரிசோதனை என்று சொல்லி அனுப்பினார்கள்.

"நாளையிலருந்து ஓடப்போறேன்" என்றார்.

"எங்க? ஊரை விட்டா?" என்றேன்.

தனியாக ஓட வெட்கம். அதனால் இரண்டு கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டார். ஒருவர் முனைக்கடைத் தையல்காரர், இன்னொருவர் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார். மூவர் அணிக்கு மின்னல் குழு என்று பேர். தையல்காரர் மூன்று பனியன் தைத்து, முதுகில் மின்னல் போட்டுக் கொடுத்தார். வயிற்றுப் பக்கம் மட்டும் இரண்டு அங்குலம் தாராளமாக விட்டிருந்தார். தொழில் தெரிந்தவர்.

காலை ஐந்தரைக்குக் கிளம்புவார்கள். தண்ணீர்த் தொட்டிவரை போய்த் திரும்பினால் மூன்று கிலோமீட்டர். முதல் கால் கிலோமீட்டரில் வாத்தியாருக்கு ஷூ கயிறு அவிழும், எல்லோரும் நிற்பார்கள். அதற்குப் பிறகு மூச்சு எப்படி விட வேண்டும் என்று தையல்காரர் விளக்குவார். ஓடிக்கொண்டே விளக்கினால் மூச்சு வாங்குமே, அதனால் அதற்கும் நிற்பார்கள். கடைசி நூறு மீட்டர் மட்டும் பறப்பார்கள், ஏனென்றால் அது எங்கள் தெரு.

ஓட்டத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சாப்பாடுதான் என் உயிரை வாங்கியது. "ஓடுறவன் சாப்பாடே வேறம்மா" என்று வாத்தியார் ஒரு காகிதம் நிறைய எழுதி என் கையில் கொடுத்தார். ஓடுவதற்கு முன்னால் இரண்டு வாழைப்பழம். ஓடி முடித்த அரை மணிக்குள் மூன்று முட்டை, ஒரு பெரிய டம்ளர் பால். வேலைக்கு எடுத்துப்போகப் பேரீச்சம்பழமும் கடலையும் தேனும் போட்டுப் பிடித்த உருண்டை ஆறு. ராத்திரி தட்டு நிறையச் சோறு, அது நாளைய ஓட்டத்துக்குச் சேமிப்பாம்.

"டேங்க் காலியா இருந்தா வண்டி ஓடுமா?" என்பார் இவர்.

"அதுக்காக டேங்குக்கு மேல டேங்க் கட்டுவாங்களா?" என்பேன் நான்.

நான் தடுத்தேன். தடுக்கவில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆனால் இரண்டாவது வாரத்திலேயே என் வாயை அடைக்க ஒரு கருவி வந்துவிட்டது. மணிக்கட்டில் கட்டிக்கொள்கிற பட்டை, ஒரு நாளைக்கு எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணிச் சொல்லுமாம். கூட்டாளிகள் இரண்டு பேரும் தங்களுக்கு ஆளுக்கொன்று வாங்கி, இவருக்கும் ஒன்று சேர்ந்து வாங்கிக் கொடுத்தார்கள். முதல் நாள் சாயங்காலம் அதில் முப்பத்தோராயிரம் அடி காட்டியது. தையல்காரருக்கு ஆறாயிரம், வாத்தியாருக்கு எட்டாயிரம். இவருக்கு முப்பத்தோராயிரம்! வாத்தியார் கையெடுத்துக் கும்பிடாத குறை.

"இவ்வளவு எரிக்கிற உடம்புக்கு நீ போடற தீனி பத்தாதும்மா. ரத்தத்தை நீ பாத்துக்க, கணக்கை நான் பாத்துக்கறேன்" என்றார். ஆறு உருண்டை பத்தாயிற்று.

எண்ணைப் பார்த்து நானும் மலைத்துவிட்டேன். டிப்போவில் நடக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். நடுவில் ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்றால், "போட்ட விதையப் பாதியில தோண்டிப் பாத்தா முளைக்குமா?" என்று கையை இழுத்துக்கொண்டார். அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் உட்கார்ந்து உருண்டை பிடித்தேன். தேன் போதுமா என்று வாயில் போட்டுப் பார்ப்பேன். உடைந்ததைக் குப்பையிலா போட முடியும்? ராத்திரிக்கு அவருக்கு ஒரு சமையல், எனக்கு ஒரு சமையல் என்று இரண்டு அடுப்பில் வேக எனக்கு என்ன தலையெழுத்து? அவர் தின்றதையே நானும் தின்றேன்.

நாலாவது மாதத்தில் சீருடைக் கால்சட்டை இடுப்பில் ஏறவில்லை. தையல்காரர் தையலைப் பிரித்து அகலப்படுத்திக் கொடுத்தார்.

"கவலப்படாதீங்க அண்ணி, அதெல்லாம் தசை" என்றார். தொப்பையில் தசை வளர்ந்த முதல் மனிதர் என் வீட்டுக்காரராகத்தான் இருக்க வேண்டும்.

பரிசோதனைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு நாள் அவர் ஓட்டிய பேருந்திலேயே ஏறினேன். அவர் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். சிக்னலில் வண்டி நின்றது. பழைய வண்டி, நின்றாலும் உடம்பெல்லாம் உதறும். கியர் கம்பியில் அவர் கை, கையில் அந்தப் பட்டை. 14,206 என்று காட்டியது. கண்ணைச் சிமிட்டிப் பார்த்தேன், 14,215. வண்டி அசையவில்லை, அவரும் அசையவில்லை, கம்பிதான் ஆடியது. சிக்னல் பச்சையாவதற்குள் என் வீட்டுக்காரர் உட்கார்ந்த இடத்திலேயே எழுபது அடி நடந்துவிட்டார்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன், பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு சொன்னேன். அவர் நம்பவில்லை. பட்டையைக் கழற்றி என்ஜின் மூடிமேல் வைத்தார். இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். கை இல்லாமல், கால் இல்லாமல், அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஐந்து மாதமாகப் பேருந்து நடந்ததற்கு இவர் சாப்பிட்டிருக்கிறார்.

வாத்தியாரிடம் போய்ச் சொன்னால், "கருவிதான் தப்பு, என் கணக்கு சரி" என்கிறார். என்ன மனிதரோ!

அந்த இரண்டு வாரமும் அவர் உண்மையாகவே ஓடினார். பனியன் போடவில்லை, கூட்டாளிகளைக் கூப்பிடவில்லை. அரை வயிற்றுக்குத்தான் சாப்பிட்டார். ஆனால் மூன்று மாதச் சர்க்கரையிடம் அந்தப் பருப்பு வேகாது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

பரிசோதனை நாளன்று காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் வந்து நின்றார்.

"ஒண்ணு கேக்கட்டுமா? சீட்டுல என் பேரு இருக்கட்டும். ரத்தம் மட்டும்..." என்று இழுத்தார். "உனக்குத்தான் ஒண்ணும் கிடையாதே. உன்னுது வெச்சா என்ன?"

"புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு? ஓட்டும்போது தலை சுத்தினா பின்னாடி இருக்கற அறுபது பேரும் என்ன ஆவாங்க?" என்று கத்தினேன்.

"எனக்கு வேற எதுவும் தெரியாதேம்மா" என்றார்.

கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவர் என்னிடம் இப்படி நின்று கேட்டதே இல்லை. கோபம் ஒரு பக்கம், பரிதாபம் ஒரு பக்கம். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டேன்.

பத்து மணிக்குப் பரிசோதனைக் கூடத்துக்கு வந்தார். விரலை நீட்டினார், குத்தினேன். வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். எந்திரம் ஆறு நிமிடம் எடுத்துக்கொண்டு 8.6 என்றது.

அறையில் வேறு யாரும் இல்லை. கதவைச் சாத்தினேன். புது ஊசியை எடுத்து என் விரலை நானே குத்திக்கொண்டேன். திருட்டுத்தனம்தான், அதற்கு வேறு பேர் வைக்க வேண்டாம். காலையில் அறுபது பேரைப் பற்றி நியாயம் பேசிய அதே ஆள்தான். தகரக் கொட்டகையில் அவர் உட்கார்ந்திருப்பதை நினைத்தேன், நியாயம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. அந்த ஆறு நிமிடமும் அவர் பேரை எந்தச் சீட்டில் எழுதுவது என்பதைத் தவிர வேறு யோசனையே எனக்கு இல்லை.

எந்திரம் 9.4 என்றது.

எந்திரம் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். துடைத்துவிட்டு இன்னொரு விரலைக் குத்தினேன். மறுபடியும் 9.4.

இரண்டு சீட்டையும் எடுத்துக்கொண்டு வெளியே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் சீட்டைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டாவதை நீட்டினேன்.

"இது யாரோடது?"

"உங்க பேர்ல அனுப்பலாம்னு எடுத்த ரத்தம். அனுப்பியிருந்தா உங்கள டயர் ரூம்லகூடச் சேத்திருக்க மாட்டாங்க" என்றேன்.

சிரிப்பார் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தன் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். என்னுடையதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படித்ததையே படித்தார்.

"ஊருக்கே குத்திப் பாக்கறியே, உன்ன ஒரு தடவையாவது பாத்துக்கிட்டியா?" என்று கேட்டார்.

வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. பரிசோதனைக்கு வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பார்க்க அழுதேன்.

அவர் எழுந்து என் கையைப் பிடித்துத் தூக்கினார்.

"வா, மொதல்ல உன்ன டாக்டர்கிட்ட காட்டிடலாம். டயர் ரூம் எங்கயும் ஓடிடாது" என்றார்.