இரண்டு பொட்டலங்கள்

அமெரிக்காவில், பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் அவரை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். வேட்டிக்கு மேல் கம்பெனி ஜாக்கெட் போட்டிருந்தார். ஆன்லைன் ரிவ்யூ மாதிரி எதைப் பார்த்தாலும் ஸ்டார் போட்டுக்கொண்டிருந்தார். அன்றைய அபிஷேகத்துக்கே, போனால் போகிறதென்று நாலு ஸ்டார் கொடுத்தார்.

புதிதாக வாங்கிய மோட்டார்ஹோம் வண்டிக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுக்கலாமா என்று பூ கட்டிப் பார்க்க மனைவியோடு வந்திருந்தார். வெள்ளைப் பூ வந்தால் எடுப்பது, சிவப்பு வந்தால் வேண்டாம். பொட்டலங்களை அவரே கட்டியிருந்தார்.

"குழந்தைங்கள வச்சுக்கிட்டு ஃப்ரீவேல நின்னுட்டா என்னங்க பண்றது?" என்று புலம்பியபடியே அந்த அம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துக் கணவரிடம் கொடுத்தார். அவர் பிரித்தார். சிவப்பு. அந்த அம்மாள் மறுபேச்சில்லாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டு பிராகாரம் சுற்றப் போனார்.

கணவர் அவசரமாக எடுத்த மீதிப் பொட்டலம் கையிலிருந்து நழுவி என் முன்னால் விழுந்து பிரிந்தது. அதிலும் சிவப்பு. சட்டென்று அதைக் காலால் மறைத்தார். சாமிக்கு வைத்த பூவை!

"என்ன சார் இது?"

"வாரண்டி எல்லாம் வேஸ்ட்டுங்க, நான் ரிசர்ச் பண்ணிட்டேன். நான் சொன்னா அவ நம்பமாட்டா. சாமி சொன்னா நம்புவா."

"நிஜமாவே வண்டி நின்னுட்டா?"

"சாமி பாத்துப்பார்," என்றார் அந்தப் பித்தலாட்டக்காரர்.

அற்ப மனிதர். ஆனால் ஒன்று மட்டும் எனக்கு இன்னும் விளங்கவில்லை. இரண்டிலும் சிவப்பை வைத்துக் கட்டியவருக்கு, பொட்டலத்தைப் பிரிக்கும்போது கை ஏன் அப்படி நடுங்கியது?