தொய்வு பிடிக்காத அத்தான்

என் அக்கா வீட்டுக்காரர் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைத்துக் கட்டுகிறவர். அவர் இழுத்துக் கட்டியதில் ஒரு சுருக்கத்தைக் கண்டவர் கிடையாது. வீட்டிலும் அப்படித்தான். கொடிக்கயிறோ, படுக்கை விரிப்போ, என் சட்டைக் காலரோ, எது தொய்ந்திருந்தாலும் அவர் கை சும்மா இருக்காது. பட்டறையில் அவருக்குப் பெயரே 'விறைப்பு'.

ஐம்பத்து நாலு வயதில் அவருக்கு அம்பு விடும் ஆசை வந்தது. பதினோரு வயதிலேயே ஊசியைப் பிடித்தவர், ஒரு விளையாட்டும் ஆடாதவர். அதை நினைத்து எனக்கு மனசு இளகியது. அக்காவுக்கு இளகவில்லை. அவள் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போடும் அறையில் வேலை பார்க்கிறாள். இப்படி ஆசைப்பட்டவர்கள் பலர் கடைசியில் அவளிடம்தான் வந்து சேருகிறார்கள்.

"கொல்லையில விட்டுக்கோங்க. ஆனா ஒரு அம்பு வலையத் தாண்டினாலும் வில்லு அன்னைக்கே கடைக்குத் திரும்பிடும்," என்றாள்.

விளையாட்டுச் சாமான் கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கடைக்காரப் பெண் அவரைக் கைகளை விரிக்கச் சொல்லி அளந்துவிட்டு, இருபது பவுண்டு இழுவை உள்ள வில்லை நீட்டினாள்.

"இது பிள்ளைங்க வில்லாச்சே. நாற்பது காட்டும்மா."

அவள் நாற்பதை எடுத்துக் கொடுத்தாள். "இழுத்துப் பிடிச்சு பத்து எண்ணுங்க சார். நாணை வெறுமனே விட்டுடாதீங்க, மெதுவா திரும்பக் கொண்டு வாங்க."

மூன்றிலேயே அத்தானுக்குக் கை உதறியது. நாலை நான்தான் அவருக்காகச் சொன்னேன். பிறகு, போனால் போகிறதென்று எனக்காக விட்டுக்கொடுத்தவர் போல, இருபதையே எடுத்துக்கொண்டார்.

இழுக்கும் அளவைவிட இரண்டு அங்குலம் நீளமான அம்புகள், முன்கைக்குத் தோல் உறை, பின்னால் கட்ட அடர்த்தியான வலை. "வலைய மட்டும் தொளதொளன்னு தொங்க விடுங்க. அப்பதான் அம்போட வேகம் அதுலயே அடங்கும்," என்றாள் அந்தப் பெண். அத்தான் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பி நான் பலமுறை ஏமாந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கொல்லைக் கோடியில், கொட்டகைக்கு முன்னால், தொளதொளவென்றுதான் வலையைக் கட்டினேன். அதன் முன்னே கந்தல் திணித்த சாக்கு மூட்டை. தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் வலை எட்டு முளையில் விறைத்து நின்றது.

"பார்க்க சகிக்கல மாப்ள," என்றார்.

நாலு அம்பு மூட்டையில் இறங்கியது. ஐந்தாவது மூட்டையைத் தவறவிட்டு, வலையைத் துளைத்து, கொட்டகைக் கதவில் போய்க் குத்தியது. அத்தான் அதைப் பிடுங்கினார். ஊசி எடுத்தார். ஐந்தே நிமிஷத்தில் வலையில் ஓட்டை இருந்த இடம் தெரியவில்லை.

"அக்காகிட்ட மூச்சு விடாத."

நான் விடவில்லை. வேலை முடிந்து வந்த அக்கா நேராகக் கொட்டகைக்குப் போய், கதவிலிருந்த ஓட்டையில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள். "வலையத் தைச்சவரு இதையும் தைச்சிருக்கலாமே," என்றாள்.

அத்தான் வில்லின் நாணைக் கழற்றினார். "நானே கொண்டு போய்க் குடுத்துடறேன்," என்றார். எனக்குப் பாவமாக இருந்தது.

அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு வலையின் முளைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள்.

"வலைய இப்படி விறைப்பா கட்டினா வில்லு என்ன பண்ணும், பாவம். அது இருக்கட்டும். இனிமே வலைய நான் கட்டுவேன். நீங்க அது கிட்டயே போகக் கூடாது."

இப்போது ஞாயிறுதோறும் அக்கா கட்டிய வலை வயிறு தள்ளித் தொங்குகிறது. அதற்கு எதிரே, பல்லைக் கடித்துக்கொண்டு அத்தான் நிற்கிறார். கொல்லை வேலி ஓரமாகப் போகிற லாரிக்காரர்களுக்குக் கொண்டாட்டம்.

"என்னண்ணே, உங்க வீட்டுலயே இப்படித் தொங்குது?"

"அவ கட்டினது," என்பார் அத்தான் அவசரமாக.

"ஆமா, நான் கட்டினதுதான்," என்பாள் அக்கா படியில் உட்கார்ந்தபடியே. "அதனாலதான் வில்லு இன்னும் இவர் கையில இருக்கு."