எனக்கு எழுதித் தருவது யார்?

நான் உருதுக் கவிஞர். இப்படிச் சொல்லிவிட்டு எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்ப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். "நீங்க வீட்ல தமிழ்தானே பேசுவீங்க?" என்பார்கள். ஆமாம், தமிழ்தான். என் அம்மாவுக்கு உருதுவில் ஒரு வார்த்தை தெரியாது. நாங்கள் அல்லாவிடம் துஆ கேட்பதும் தமிழில், சண்டை போடுவதும் தமிழில். அதனால் என்ன? ஆசைப்பட்டவள் படிக்கக் கூடாதா?

கோரிமேட்டில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு மெடிக்கலில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறேன். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வரும் சில நோயாளிகளுக்கு உருதுதான் சரளம். அவர்களுக்கு மாத்திரை சொல்லிக் கொடுத்துச் சொல்லிக் கொடுத்தே நாலு வார்த்தை தொற்றிக்கொண்டது. அப்போதுதான் ஓர் அம்மா வந்தார். கணவர் வார்டில் கிடந்த இருபது நாளும், மருந்து வாங்க வரும்போதெல்லாம் உருதுவில் ஈரடிக் கவிதை ஒன்று சொல்லிவிட்டுப் போவார். முதல் அடியில் ஆளை நிறுத்தி வைப்பார், இரண்டாவது அடியில் நெஞ்சில் ஒரு குத்து. அடேயப்பா! இரண்டே வரியில் இவ்வளவு செய்யலாமா? எனக்கு அன்றைக்கெல்லாம் வேலையே ஓடவில்லை.

பிறகு விடுவேனா? குழந்தைகள் பாடப்புத்தகம் வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தேன். "பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊர்ல பிரெஞ்சு படிச்சாலாவது பாரிசுக்குப் போவலாம். உருது படிச்சு எங்கம்மா போவப் போற?" என்று மாமியார் கேட்டார். "இருங்க மாமி, நானே பாத்துச் சொல்றேன்" என்றேன். வாட்ஸ்அப்பில் உருதுக் கவிஞர்கள் குழு ஒன்றில் சேர்ந்து என் முதல் கஜலை அனுப்பினேன். உரித்துத் தொங்கவிட்டார்கள். சந்தம் நொண்டுகிறதாம். இரண்டு வருஷம் மாத்திரை அட்டையைக் கல்லாவில் தட்டித் தட்டியே சந்தம் பழகினேன். ஒருநாள் ஓர் உருதுப் பத்திரிகையில் என் கஜல் அச்சாகி வந்தது! என் கணவர் அந்தப் பக்கத்தை இடமிருந்து வலமாகத் தடவிப் பார்த்து, "அருமை" என்றார். மனுஷனுக்கு அது வலமிருந்து இடம் போகும் எழுத்து என்பதுகூடத் தெரியாது. அப்புறம் ஏழெட்டுக் கஜல்கள் வந்தன, ஒவ்வொன்றுக்கும் அதே "அருமை"தான்.

ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். உருது எழுத்தை நான் படிப்பேன், ஆனால் நத்தை வேகம்தான். கவிதை வரும் வேகத்துக்கு என் கைக்குத் தமிழ் எழுத்துதான் தோது. அதனால் நோட்டில் உருதுக் கவிதையைத் தமிழ் எழுத்தில் எழுதுவேன். உருதுவின் நாலு சத்தத்துக்கு நம் ஒரு 'க'தான் ஓடியாட வேண்டும் என்பதால், மேலே புள்ளி, கீழே கோடு என்று எனக்கு மட்டும் தெரிந்த அடையாளங்கள் உண்டு. பத்திரிகைக்கு அனுப்பும்போது உட்கார்ந்து நிதானமாக உருதுவில் எழுதி அனுப்புவேன்.

போன வருஷம் எங்கள் ஊரிலேயே முஷாயிரா என்று அறிவித்தார்கள். முஷாயிரா என்றால் உருதுக் கவியரங்கம். வெளியூர்க் கவிஞர்களோடு என்னையும் அழைத்திருந்தார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. என் கணவருக்கோ என்னைவிடத் துள்ளல். அவர் வைத்திக்குப்பத்தில் மீன் விற்பவர்களுக்கு ஐஸ் சப்ளை செய்கிறவர். ஒரு வேன் பிடித்து, தெருக்காரர்களோடு நாலு மீன்கார அக்காக்களையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்! முஷாயிராவில் கவிதை ஓடிக்கொண்டிருக்கும்போதே ரசித்துச் சத்தம் போடுவதுதான் மரியாதை. நம் ஆட்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் என் மானம் போய்விடுமே என்று, "மத்தவங்க சத்தம் போடும்போது நீங்களும் 'வாஹ் வாஹ்'னு சொல்லுங்க, போதும்" என்று சொல்லி வைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மேடையில் மெத்தை விரித்து, எல்லாரும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தோம். என் பக்கத்தில் அன்றைய தலைவர், பெயர் பெற்ற மூத்த கவிஞர். முறை வந்ததும் நோட்டைத் திறந்தேன். பெரியவர் எட்டிப் பார்த்தார். "இது என்ன எழுத்து, மகளே?" என்று உருதுவில் கேட்டார். "தமிழ்" என்றேன். அவர் மைக்கைத் தன் பக்கம் இழுத்து, "எழுதிக் கொடுத்த மகராசன் எவ்வளவு நல்லவர், பாருங்கள்! இந்தப் பெண்ணுக்கு உருது படிக்க வராது என்று தமிழிலேயே எழுதித் தந்திருக்கிறார்" என்று உருதுவிலேயே சொன்னார்.

சபை குபீரென்று சிரித்தது. பின் வரிசையில் என் கணவர் எழுந்து நின்று, "வாஹ் வாஹ்!" என்று கை தட்டினார். அவரைப் பார்த்து வேன் முழுக்கத் தட்டியது. "சூப்பரு யக்கா!" என்று ஒரு மீன்கார அக்கா விசில் அடித்தார்.

பாவிங்களா! எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. எங்கள் உலகத்தில் இதைவிடப் பெரிய பழி இல்லை. மேடையேறும் பெண்களுக்கு யாரோ ஆண் எழுதித் தருகிறான் என்று பேசுவது எப்போதும் உள்ள வழக்கம். அது ஒருமுறை ஒட்டிக்கொண்டால் அவ்வளவுதான். பிறகு எவரும் அழைக்க மாட்டார்கள். அச்சில் வந்த என் கஜல்கள் எல்லாம் முகம் தெரியாத எவனுடையதோ ஆகிவிடும். நோட்டில் இருப்பதை எவ்வளவு நன்றாகப் படித்தாலும் இனி அது எனக்கு எதிரான சாட்சிதான்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். நோட்டை மூடினேன். "ஓர் அடி கொடுங்கள் ஐயா. இங்கேயே முடிச்சுப் போடுகிறேன்" என்றேன். முடிச்சுப் போடுவது என்றால், அவர் தரும் அடிக்கு முன்னால் என் அடி ஒன்றைச் சேர்த்து, இரண்டையும் ஒரே கவிதையாக்க வேண்டும். சந்தம் இம்மியும் பிசகக் கூடாது. பெரியவர் ஓர் அடி சொன்னார். அதன் பொருளை மட்டும் தமிழில் தருகிறேன்: "கதவு திறந்துதான் இருக்கிறது, ஆனால் உன்னை அழைத்தது யார்?"

குசும்பைப் பாருங்கள்! அடுத்த கவிஞர் படித்து முடிக்கும்வரை அவகாசம். தொடையில் விரலால் தாளம் தட்டிக்கொண்டே இருந்தேன். ஒன்றும் வரவில்லை. அந்தக் கவிஞர் கடைசிக் கண்ணிக்கு வந்துவிட்டார். என்னை அழைத்தது யார், அழைத்தது யார் என்று சுற்றிச் சுற்றி வந்தபோது, சட்டென்று கல்லாவுக்கு எதிரே மருந்துச் சீட்டை நீட்டிக்கொண்டு நிற்கும் கைகள் ஞாபகம் வந்தன. வந்துவிட்டது! மைக்கைப் பிடித்தேன்.

"நோவோடு வந்தவரிடம் ஒருநாளும் நான் கேட்டதில்லை:
கதவு திறந்துதான் இருக்கிறது, ஆனால் உன்னை அழைத்தது யார்?"

கூரை பிய்த்துக்கொண்டு போவது போல ஒரு கூச்சல். முன் வரிசை எழுந்து நின்றது. பெரியவர் தொடையில் ஓங்கித் தட்டி ஏதோ கத்தினார். எனக்குக் காது அடைத்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல!

அப்போது பார்த்தால் என் கணவர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு மேடைக்கு வருகிறார். முகம் சிவந்திருக்கிறது. முதல் சிரிப்புக்குக் கை தட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்திருக்கிறார். ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று அப்போதே புரிந்திருக்கிறது. இப்போது மறுபடி கத்துகிறார்கள் என்றதும் மனுஷன் கிளம்பிவிட்டார்.

"இன்னாய்யா நெனச்சிங்கினு இருக்கீங்க? ஒரு பொம்பளைய நிக்க வெச்சுக் கத்துறீங்க! நீ வாம்மா, ஊட்டுக்குப் போலாம்."

"ஐயோ, பாராட்டுறாங்கங்க!" என்றேன்.

"அப்ப மொதல்ல சிரிச்சது?"

"எனக்கு வேற யாரோ எழுதித் தர்றாங்கன்னு சொன்னாங்க."

அதற்கா நான் கை தட்டினேன் என்று அவர் கண் கேட்டது. அடுத்த நிமிஷம் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

"யாருங்க எழுதித் தரணும்? இவ எழுத ஒக்காந்தா அடுப்புல இருக்கறது ஞாபகம் இருக்காது. அஞ்சாறு வருசமா கருகின சோத்தத் தின்னவன் நான். வேற எவனாச்சும் எழுதித் தந்திருந்தா, எனக்கு ஒருநாளாவது நல்ல சோறு கெடைச்சிருக்காதா?"

தமிழ் தெரிந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அமைப்பாளர் அதை வரி விடாமல் உருதுவில் சொன்னார். பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கருகே வந்தார். "இந்தப் பெண்ணிடம் இனி அந்தக் கேள்வியை யாரும் கேட்கக் கூடாது. கேட்டவன் நான்தான், வெட்கப்படுகிறேன்" என்றார். பிறகு என் கணவரைப் பார்த்துக் கையை உயர்த்தி, "முகர்ரர்!" என்றார். சபை முழுவதும் "முகர்ரர்! முகர்ரர்!" என்றது.

"இன்னா சொல்றாங்க?" என்று என் கணவர் பயந்துபோய்க் கேட்டார்.

"ரொம்பப் பிடிச்சிருந்தா அப்படித்தான் கேப்பாங்க. திரும்பச் சொல்லணுமாம்."

"எதை? ஒன் கவிதையவா?"

"இல்லங்க, நீங்க சொன்னத."

எனக்குக் கண் நிறைந்து எதுவும் தெரியவில்லை. அவர் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு, தொண்டையைக் கனைத்து, முதலிலிருந்து மறுபடி சொன்னார்.