கதவைச் சாத்திக் குளிக்க ஒரு ஷவர்

குழாய், சிங்க், ஷவர் எல்லாம் விற்கும் அந்தப் பெரிய கடையில் அவளை 'டாக்டர்' என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் படித்த படிப்புக்கும் அந்தப் பட்டத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஷவர் வாங்க வந்தவர்களுக்குச் சரக்கைக் காட்டுவதற்கு முன்னால் அவள் நாடி பிடித்துப் பார்ப்பாள். "வீடு எத்தனாவது மாடி? தண்ணி டேங்க் எங்க இருக்கு? பம்பு உண்டா? யார் யார் குளிப்பாங்க?" எல்லாவற்றுக்கும் பதில் வந்த பிறகுதான் நாற்காலியை விட்டே எழுந்திருப்பாள். ஒரு நாள் அவசரத்தில் வந்த ஓர் இளைஞன், "குளிக்கத்தாங்க கேட்டேன், ஆபரேஷனா பண்ணப் போறீங்க?" என்று எரிந்து விழுந்தான். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது.

கடையின் நடுச்சுவரில் ஷவர்கள் வரிசையாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும். அவற்றில் ராஜா, சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிதான சதுர மழை ஷவர். அது கொட்டுகிற கொட்டில் வந்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிடுவார்கள். சுவருக்குப் பின்னால் பம்பு ஓடுவது அவர்களுக்குத் தெரியாது. டாக்டர் அதை மறைக்க மாட்டாள். "வீட்ல பம்பு இல்லன்னா இது கொட்டாது, அழும்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவாள். முதலாளிக்கு அதில் வருத்தம்தான். ஆனால் அவள் விற்ற ஷவர் எதுவும் கடைக்குத் திரும்பி வந்ததில்லை என்பதால் அவரும் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டார்.

இப்படி ஊருக்கெல்லாம் ஷவர் விற்றவள் வீட்டில் ஷவரே கிடையாது. ஒரு வாளி, ஒரு கப்பு, ஒரு குட்டை ஸ்டூல், அவ்வளவுதான். யாராவது கேட்டால், "நாள் பூரா அதையேதான் பாக்கறேன், வீட்டுக்கு வந்தும் அதையே பாக்கணுமா?" என்று சமாளிப்பாள். உண்மையில் அவள் மாமனார் வாளிக் கட்சி. அவரை எதிர்த்து அந்த வீட்டில் ஓர் ஆணிகூட அடிக்க முடியாது.

மாமனார் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். குறை சொல்லாமல் அவருக்கு ஒரு வாய் காபிகூட உள்ளே இறங்காது. காபியில் சூடு பற்றாது, செய்தித்தாள் கசங்கியிருக்கும், மின்விசிறி ஒரு பக்கமாகவே காற்றை வீசும். பஸ்ஸில் பயணிகளை விரட்டிய அதே குரலில் வீட்டில் இருப்பவர்களையும் முன்னே போ, பின்னே வா என்று விரட்டுவார். மருமகள் வந்த புதிதில் அழுதாள். பிறகு பதிலுக்குப் பதில் பேசக் கற்றுக்கொண்டாள். போகப் போக அது அவர்கள் இருவருக்கும் ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது.

ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் ஆயுள் முழுக்க நின்ற மனிதர், நிற்கிற வீட்டில் விழுந்தார். வாளியில் குனிந்து தண்ணீர் மொண்டபோது ஸ்டூல் வழுக்கி, இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கைத்தடி வைத்துக்கொண்டு நன்றாகவே நடந்தார். ஆனால் குனியவே கூடாது, தாழ்வாக உட்காரவும் கூடாது என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்கள். அதனால் மகன் குளிப்பாட்ட வேண்டியதாயிற்று.

பாத்ரூம் கதவு திறந்தே இருக்கும். மகன் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு தண்ணீர் ஊற்றுவான். ஒரு நாள் துண்டு கொடுக்கப் போனவள் தெரியாமல் உள்ளே பார்த்துவிட்டாள். உயரமான நாற்காலி ஒன்றில் மாமனார் சுவர்ப் பக்கமாகத் திரும்பி, இரண்டு கண்களையும் இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எப்போது முடியும் என்று காத்திருக்கிற முகம் அது. துண்டைக் கதவின் மேல் போட்டுவிட்டு ஓடி வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அவர் குறை சொல்வதை நிறுத்தினார். காபி ஆறிப்போயிருந்தாலும் "நல்லா இருக்கும்மா" என்றார். உப்பில்லாத குழம்புக்கும் அதே பதில். அந்த வீட்டில் எத்தனையோ வருஷமாக எல்லோரும் வேண்டிக்கொண்ட அமைதி வந்தே விட்டது, யாருக்கும் அது பிடிக்கவில்லை. பிறகு அவர் குளிப்பதையே தள்ளிப்போட ஆரம்பித்தார். "நாளைக்குப் பாத்துக்கலாம்டா" என்பார். நாளை வந்ததும் இன்னொரு நாளையைக் காட்டுவார்.

கணவன் ஒரு முடிவுக்கு வந்தான்.

"எனக்கும் முதுகு போச்சு. அவருக்கும் என்கிட்ட கூச்சமா இருக்கு. திங்கக்கிழமையில இருந்து குளிப்பாட்டறதுக்கு ஒரு ஆள் வர்றாரு. பேசிட்டேன்."

"மாமாகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். 'உங்க இஷ்டம்'னுட்டாரு."

'உங்க இஷ்டம்' என்பது அந்த மனிதர் வாயில் வருகிற வார்த்தையே இல்லை. பெற்ற மகன் முன்னாலேயே கண்ணை மூடிக்கொள்கிறவர், முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் தினமும் உட்கார்ந்தால் என்ன ஆவார்? திங்கட்கிழமைக்குள் அவர் தன்னந்தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தடவையாவது குளித்துவிட வேண்டும். அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

மறுநாளே கடையிலிருந்து ராஜாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஆசைதான், வேறென்ன. ஊராருக்கெல்லாம் யோசித்து யோசித்துக் கொடுத்தவள், தன் வீடு என்று வந்ததும் இருப்பதிலேயே பெரியதைப் பிடித்துக்கொண்டாள். குனிய வேண்டாம், மொள்ள வேண்டாம், மாமா சும்மா உட்கார்ந்திருந்தால் மேலிருந்து மழையாகக் கொட்டும் என்று மனசுக்குள் அவரைக் குளிக்க வைத்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டும் ஆயிற்று. கடைக்கு வாடிக்கையாக வேலை செய்யும் தொப்பைக்கார பிளம்பர் வந்தார். மொட்டைமாடிக்குப் போய்விட்டு இறங்கியவர் தலையைச் சொறிந்தார்.

"டாக்டர், டேங்க் இங்கயே தலைக்கு மேல..."

"எல்லாம் எனக்குத் தெரியும். நீங்க மாட்டுங்க."

"டாக்டரே சொன்னப்புறம் நான் யாரு?" என்று அவர் மாட்டிவிட்டார்.

குடும்பமே பாத்ரூம் வாசலில் கூடி நின்றது. அவள் திருகினாள். சதுரத்தின் ஒரு மூலையிலிருந்து சில சொட்டு விழுந்தது. பிறகு, பிழியாமல் காயப்போட்ட போர்வை மாதிரி ஓரம் மட்டும் ஒழுகியது. நடுவில் பொட்டுத் தண்ணீர் இல்லை. பாத்ரூம் கூரைமேலேயே தாழ உட்கார்ந்திருக்கிற டேங்கிலிருந்து, பம்பும் இல்லாமல், அதற்குமேல் என்ன வேகம் வரும்? கடையில் தினமும் பத்துப் பேருக்காவது அவள் பாடம் எடுத்த விஷயம்தான். பிளம்பர் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார். கணவன் சிரிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டான். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"நல்லா இருக்கும்மா" என்றார் மாமனார்.

பழைய மனிதராக இருந்திருந்தால், "இதுல தலை நனையறதுக்குள்ள கடைசி ஸ்டாப்பே வந்துரும்" என்று ஒரு பாட்டம் ஆடித் தீர்த்திருப்பார். அவர் அப்படித் திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். இந்த 'நல்லா இருக்கும்மா'வைத்தான் தாங்க முடியவில்லை.

மறுநாள் கடையில் டைல்ஸ் விற்கும் தோழியிடம் நடந்ததைச் சொன்னாள். தோழி முதலில் வயிறு வலிக்கச் சிரித்தாள். பிறகு அவளை வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார வைத்து, தான் எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

"சொல்லுங்கம்மா. டேங்க் எங்க இருக்கு?"

"சும்மா இருடி. கூரை மேலயே."

"பம்பு?"

"இல்ல."

"யார் குளிப்பாங்க?"

"எங்க மாமா."

"அவருக்கு எப்படி வேணுமாம்?"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் இடுப்பைப் பற்றி ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள், ஆள் வைப்பதைப் பற்றிக் கணவன் பேசி முடித்திருந்தான், ஷவரை அவளே வாங்கியிருந்தாள். குளிக்கப் போகிறவரை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கைப்பையைக்கூட வைக்காமல் அவர் எதிரே போய் உட்கார்ந்தாள்.

"மாமா, நான் இப்ப உங்க மருமக இல்ல, கடைக்காரி. நீங்க ஷவர் வாங்க வந்திருக்கீங்க. எப்படிப்பட்டது வேணும்?"

"எதுவா இருந்தாலும் சரிம்மா."

"அந்த மாடல் எங்க கடையில இல்லைங்க. வேற சொல்லுங்க."

அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. கைத்தடியை நாற்காலியில் சாய்த்து வைத்தார்.

"மேல இருந்து கொட்ட வேணாம். மூஞ்சில அடிச்சா மூச்சு முட்டுது. தண்ணி என் கையில இருக்கணும், எங்க ஊத்தணும்னு நான்தான் முடிவு பண்ணணும்."

"சரி. அப்புறம்?"

"கதவ சாத்திக்கணும்மா." இதை மட்டும் மெதுவாகச் சொன்னார்.

அவள் கடைக்காரியாகவே தலையாட்டி, "தாராளமா சாத்திக்கலாம். ஆனா பிடிச்சு எழுந்திருக்க சுவத்துல ஒரு கம்பி வேணுமே" என்றாள்.

"கம்பியா?" அவர் நிமிர்ந்தார். "கம்பி பிடிக்கறதெல்லாம் பயணிங்க வேலை. நான் கண்டக்டர்."

எத்தனையோ நாளுக்கு அப்புறம் அந்தக் குரல். அவளுக்கு எழுந்து குதிக்க வேண்டும்போல இருந்தது.

அடுத்த நாள் தன் கடையிலேயே முதல் தடவை வந்தவள் மாதிரி சுற்றி வந்தாள். டேங்க் தாழ்வாக இருப்பதால் பெரிய முகம் வைத்த ஷவர் எதுவும் உதவாது. சின்ன முகமும் குறைந்த துளைகளும் உள்ள ஒரு கை ஷவரை எடுத்தாள். வருகிற கொஞ்சம் தண்ணீரும் சிதறாமல் ஒழுங்காக வரும். உட்கார்ந்தபடியே பாதம்வரை எட்டுகிற மாதிரி நீளமான பைப். வட்டமான திருகு சோப்புக் கைக்கு வழுக்கும் என்று, முழங்கையால் தட்டினாலும் திறக்கிற நீளக் கைப்பிடி வைத்த குழாய். கை ஷவரை மாட்டும் ஸ்டாண்டில்தான் வந்து நின்றாள். கடையில் இருந்தவை எல்லாம் பளபளப்பான மெல்லிய குச்சிகள். தடுமாறுகிற ஒருவர் எட்டிப் பிடித்தால் ஸ்க்ரூவோடு கையில் வந்துவிடும். மாமா கம்பி வேண்டாம் என்றுதான் சொல்வார். வழுக்கும்போது கை இவர் பேச்சையா கேட்கப் போகிறது?

மூலையில் விற்காமல் தூசி படிந்து ஒன்று கிடந்தது. பார்த்தால் ஷவர் ஸ்டாண்டுதான், கை ஷவர் அதில் ஏறி இறங்கும். ஆனால் ஓர் ஆளின் முழு எடையையும் தாங்குகிற தடித்த கம்பி. அழகு போதாது என்று வந்தவர்கள் எல்லாம் ஒதுக்கிவிட்டுப் போன சரக்கு. அவளுக்கு அதைக் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பிளம்பர் வந்து மழை ஷவரைக் கழற்றினார். "ராஜாவுக்குப் பதவி போச்சா டாக்டர்?" என்று கேட்டுவிட்டு, அவள் முறைத்ததும் வேலையில் இறங்கினார். டாக்டர் விற்று முதன்முதலாகக் கடைக்குத் திரும்பிப் போன ஷவர், டாக்டர் வீட்டு ஷவர்தான். கம்பியைச் செங்கல் வரைக்கும் துளை போட்டு முடுக்கியதும் பிளம்பர் அதை இரண்டு கையாலும் பிடித்து, காலைத் தூக்கிக்கொண்டு தொப்பையோடு தொங்கிக் காட்டினார். கம்பி அசையவில்லை. தாழ்ப்பாளையும், வெளியிலிருந்து ஒரு நாணயத்தை வைத்துத் திறக்கக்கூடியதாக மாற்றிவிட்டார்.

மாமனார் மெல்ல வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னது இது, கம்பியா?"

"ஷவர் ஸ்டாண்டு மாமா."

"ஸ்டாண்டுதான் சார்" என்றார் பிளம்பர், சத்தியம் செய்யாத குறையாக.

அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பினாரா, நம்பிய மாதிரி இருந்தாரா என்பது இன்றுவரை அவளுக்குத் தெரியாது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

கணவன் பாத்ரூம் வாசல் படியில் கையில் நாணயத்தோடு நின்றான். அவள் சமையலறையில் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. திடீரென்று உள்ளே டமாரென்று ஏதோ விழுந்தது. அவள் பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டுக் கூடத்துக்கு ஓடி வந்தாள். கணவன் நாணயத்தைத் தாழ்ப்பாளில் வைத்துவிட்டான்.

"எவன்டா அது படியில நிக்கறது?" உள்ளேயிருந்து அதிர்ந்தது குரல்.

"நான்தாம்ப்பா. விழுந்துட்டீங்களோன்னு..."

"விழுந்தது சோப்பு டப்பாடா! படியில நிக்காத, உள்ள போ! போ போ போ!"

கணவன் பஸ்ஸில் பின்னாலிருந்து தள்ளப்பட்டவன் மாதிரி கூடத்துக்கு வந்து சேர்ந்தான். அவளைப் பார்த்தான். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், சிரிக்கும்போதே அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவன் போனை எடுத்து, திங்கட்கிழமை வருவதாக இருந்தவரிடம் வர வேண்டாம் என்று சொன்னான்.

மாமனார் அவசரமே படாமல் குளித்தார். ஒருவழியாக வெளியே வந்து, தானே தலையை வாரிக்கொண்டு, தன் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் காபியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"தண்ணியில சூடு பத்தல" என்று ஆரம்பித்தார். "அந்தப் பைப் இன்னும் ஒரு முழம் நீளமா இருந்தா குடியா முழுகிப்போயிரும்? சோப்பு டப்பாவ எந்த மடையன் கைக்கு எட்டாத பக்கம் மாட்டினான்? இதெல்லாம் யாரு பாத்து வாங்கினது?"

"நான்தான் மாமா."

"குளிக்கறவன ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க மாட்டியாம்மா?"

பதிலுக்குப் பதில் பேசி வளர்ந்த நாக்கு, நுனிவரை வந்த பதிலை முழுங்கிக்கொண்டது. "தப்புதான் மாமா. வேற என்னென்ன குறை? எல்லாத்தையும் சொல்லுங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அந்த ஸ்டாண்டு..." என்று தொடங்கியவர் சற்று நிறுத்தினார். வலது உள்ளங்கையைத் திருப்பி ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "அது இருக்கட்டும். அது நல்லா இருக்கு."

பிறகு காபியை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு, ஆறிப்போய்விட்டது என்று திருப்பிக் கொடுத்தார்.